ஒரே தகுதி, ஒரே சம்பளம்: ஒரு விரிவுரையாளர் மெருகேறுகிறார், இன்னொருவர் சோர்ந்துபோகிறார், ஏன்?

கேள்வி இதுதான்: ஒரே கல்வித் தகுதியோடு ஒரே துறையில் ஒரே சம்பளத்துக்குச் சேர்ந்த இரண்டு விரிவுரையாளர்களில் ஒருவர் ஆண்டுக்கு ஆண்டு மெருகேறுகிறார். இன்னொருவர் நாலைந்து ஆண்டுகளிலேயே சோர்ந்து, பழைய குறிப்புகளையே திரும்ப வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். இதைத் தீர்மானிப்பது எது? ஆய்வேடுகளில் வழக்கமாக வரும் ஊக்கம், திறமை, தலைமை, ஊதியம் ஆகிய நான்கில் எது பெரியது?

நான்குமே முக்கியம்தான். ஆனால் நான் முதலில் வைப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை பாடங்களை ஒரே பருவத்தில் தலையில் கட்டுகிறார்கள், நாளின் நேரம் எப்படித் துண்டுபடுகிறது, பாடம் நடத்துவதைப் பற்றிப் பேசக்கூடிய சகா யாராவது இருக்கிறாரா, துறைத் தலைவர் எதைக் கவனிக்கிறார் போன்ற வேலைச் சூழலைத்தான் முதலில் வைப்பேன். தனிமனிதரின் குணத்தில் தேடுகிற பல விடைகள் அவருடைய கால அட்டவணையில் கிடக்கின்றன.

மெல்வின் ப்ளம்பெர்க், சார்லஸ் பிரிங்கிள் என்ற இரு மேலாண்மை அறிஞர்கள் 1982இல் ஒரு எளிய கருத்தை முன்வைத்தார்கள். ஒருவரின் பணித்திறனுக்கு மூன்று வேண்டும்: அவரால் முடிய வேண்டும், அவருக்கு விருப்பம் இருக்க வேண்டும், செய்வதற்கான வாய்ப்பும் அமைய வேண்டும். மூன்றையும் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும் என்றார்கள். அதாவது ஒன்று பூஜ்ஜியத்தை நெருங்கினால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பயனில்லை. அதுவரை ஆய்வாளர்கள் முதல் இரண்டை மட்டுமே துருவிக்கொண்டிருந்தார்கள், மூன்றாவதை மறந்துவிட்டார்கள் என்பதுதான் அவர்களுடைய வாதம்.

விரிவுரையாளர்களுக்கு இது மிகவும் பொருந்தும். முனைவர் பட்டம், நேர்காணல், தெரிவுக்குழு எல்லாவற்றையும் தாண்டி வருபவரிடம் அடிப்படைத் திறமை ஏற்கெனவே இருக்கிறது. விருப்பமும் இருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை ஆண்டுகள் படித்து இந்தப் பாதைக்கு வந்திருக்க மாட்டார். சேரும் நாளில் இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அதன் பிறகு விலகுவது பெரும்பாலும் வாய்ப்பில்தான்.

அதற்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'நன்றாக வேலை செய்கிறார்' என்றால் எந்த வேலையை? கற்பித்தல், ஆராய்ச்சி, நிர்வாகம் என்று மூன்று வேலைகள் ஒரே பதவிக்குள் இருக்கின்றன. நல்ல ஆய்வாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்ற நம்பிக்கை பல்கலைக்கழகங்களில் ஆழமாக வேரூன்றியது. ஜான் ஹாட்டியும் ஹெர்பர்ட் மார்ஷும் 58 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருந்தது. இரண்டுக்கும் இடையிலான தொடர்புக் கெழு சராசரியாக 0.06, கிட்டத்தட்ட தொடர்பே இல்லை என்ற அளவு. ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது, அவ்வளவுதான். ஆகவே ஒரு விரிவுரையாளரின் 'மொத்தப் பணித்திறன்' என்று ஒரே மதிப்பெண் போடுகிற எந்த முறையையும் நான் நம்புவதில்லை. கட்டுரை எண்ணிக்கையை உயர்த்தும் காரணியும் வகுப்பை உயிர்ப்போடு வைக்கும் காரணியும் வேறு வேறாக இருக்கலாம். சில சமயம் ஒன்றுக்கொன்று எதிராகவும் இருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. தேர்வில் தோற்றுவிட்டு அழுதுகொண்டு வரும் மாணவரோடு உட்கார்ந்து பேசுவது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது, படிப்பை நிறுத்தப்போகிற ஒருவரைத் தடுத்து நிறுத்துவது. துறையில் இதை யாரோ இரண்டு மூன்று பேர்தான் சுமக்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் அவர்கள்தான் 'பின்தங்கியவர்கள்' ஆகிவிடுகிறார்கள். இந்த அநியாயத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சரி, பணிச்சுமைக்கு வருவோம். வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்றுதான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். அது பாதிக் கணக்குதான். ஒரே பாடத்தை மூன்று பிரிவுகளுக்கு நடத்துபவருக்கும் மூன்று வெவ்வேறு பாடங்களை ஒவ்வொரு பிரிவுக்கு நடத்துபவருக்கும் பாடவேளை சமம். ஆனால் முன்னவர் ஒருமுறை தயாரித்து, முதல் வகுப்பில் எங்கே மாணவர்கள் தடுமாறினார்கள் என்று பார்த்து, அடுத்த வகுப்பில் திருத்திக்கொள்கிறார். பின்னவருக்கு ஒவ்வொரு வகுப்பும் முதல் வகுப்பு. அதுவும் அவை புதிய பாடங்களாக இருந்தால் இரவு முழுக்கத் தயாரிப்பிலேயே போய்விடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மற்றவர்கள் வேண்டாம் என்று தள்ளிய பாடங்களைக் கொடுப்பது பல துறைகளில் சகஜம். அதுவே அவருடைய முதல் மூன்று ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது. பின்னால் 'இவர் ஆராய்ச்சியே செய்வதில்லை' என்று அதே துறை குறைபட்டுக்கொள்கிறது.

வகுப்பின் அளவு இன்னொன்று. நாற்பது பேருக்குக் கட்டுரை வடிவில் பணி கொடுத்து, ஒவ்வொன்றிலும் நாலு வரி கருத்து எழுதித் திருப்பித் தரலாம். நூற்றைம்பது பேர் என்றால் அதே விரிவுரையாளர், அதே அக்கறையோடு இருந்தாலும், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளுக்குத்தான் இறங்குவார். தேர்வு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் மாணவர்கள் படிப்பார்கள். அப்புறம் 'இந்த ஆசிரியரிடம் ஆழமில்லை' என்ற பெயரும் அவருக்கே வந்து சேரும்.

நேரம் துண்டாவது எல்லாவற்றையும் விட மோசம். காலை ஒன்பதுக்கு ஒரு வகுப்பு, பதினொன்றுக்கு ஒரு கூட்டம், இரண்டுக்கு ஆய்வகம், நடுவே அரை மணிக்குள் அனுப்பச் சொல்லி ஒரு புள்ளிவிவரப் படிவம். கணக்குப் பார்த்தால் நான்கு மணி நேரம் மிச்சமிருக்கிறது. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் ஒரு பத்திகூட எழுத முடியாது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த வேலையின் தரம் குறைகிறது என்று சோஃபி லெராய் 2009இல் சோதனைகள் வழியாகக் காட்டினார். ஆராய்ச்சி எழுத்துக்கு வாரத்தில் இரண்டு முழு அரைநாட்கள், யாரும் கைவைக்காதபடி, அட்டவணையிலேயே ஒதுக்கிக் கொடுங்கள். ஊக்கப் பேச்சு, விருது விழா எல்லாவற்றையும் விட அது வேலை செய்யும்.

இந்த அட்டவணையை யார் போடுகிறார்? துறைத் தலைவர். துணைவேந்தரின் தொலைநோக்கு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆனால் ஒரு விரிவுரையாளரின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது துறைத் தலைவர்தான். பாடங்களைப் பங்கிடுவது, கமிட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது, விடுப்புக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது, மாணவர் புகார் வந்தால் முதலில் யாரிடம் கேட்பது எல்லாம் அவர் கையில். நல்ல துறைத் தலைவர் மேலிருந்து வரும் காகித வேலையில் பாதியைத் தன்னிடமே நிறுத்திவிடுவார். மோசமானவர் அனைத்தையும் அப்படியே கீழே தள்ளிவிட்டு, கூடவே 'இன்றே அவசரம்' என்று ஒரு குறிப்பும் சேர்ப்பார். பங்கீடு நியாயமாக இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தால் மனிதர்கள் கனமான சுமையைக்கூடத் தூக்குவார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டால் சிறு வேலைகூடக் கசக்கும். பல துறைகளில் யாருக்கு எவ்வளவு வேலை என்ற பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவதே கிடையாது. வெளியிட்டாலே பாதிச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

திறமை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே குழப்பம் அதிகம். பாடப்பொருளில் புலமை வேறு, அதைப் பிறருக்குப் புரியவைக்கும் அறிவு வேறு. ஒரு தலைப்பில் மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறாகப் புரிந்துகொள்வார்கள், எந்த எடுத்துக்காட்டு அதை உடைக்கும் என்று தெரிந்திருப்பது தனி அறிவு. லீ ஷுல்மன் 1986இல் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். முனைவர் பட்டப் படிப்பு முதலாவதைத் தருகிறது, இரண்டாவதைப் பெரும்பாலும் தருவதில்லை. பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி கட்டாயம் என்கிறோம். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு ஒருவரை நூறு பேர் முன்னால் நிறுத்திவிடுகிறோம்.

பயிற்சியால் உண்மையில் பயனுண்டா என்ற சந்தேகம் நியாயமானது. கிரஹாம் கிப்ஸும் மார்ட்டின் காஃபியும் 8 நாடுகளில் 22 பல்கலைக்கழகங்களில் பார்த்தார்கள், 2004இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் மாணவரின் கற்றலை மையமாக வைக்கும் திசையில் நகர்ந்தார்கள். பயிற்சி பெறாத புதியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை, சிலவற்றில் பின்னோக்கியும் போனார்கள். இது என்னை மிகவும் யோசிக்க வைத்த தகவல். துறையின் பழக்கம் புதியவரைச் சும்மா விட்டுவைப்பதில்லை, தன் அச்சில் வார்த்துவிடுகிறது.

கற்பித்தல் முறைக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியரும் சகாக்களும் செய்த சோதனையைச் சொல்லலாம். 2011இல் வெளியானது. இயற்பியல் முதலாண்டில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்றில் அனுபவமிக்க, மாணவர்களிடம் நல்ல பெயர் வாங்கிய பேராசிரியர் வழக்கமான விரிவுரை நடத்தினார். மற்றொன்றில் ஒரு வாரத்துக்கு மட்டும், அனுபவம் குறைந்த ஆனால் கற்பித்தல் முறையில் பயிற்சி பெற்ற ஒருவர், மாணவர்களைக் கேள்விகளிலும் விவாதத்திலும் ஈடுபடுத்தி நடத்தினார். பின்னர் வைத்த தேர்வில் முதல் பிரிவின் சராசரி 41 சதவீதம், இரண்டாவதில் 74. ஒரே வாரம், ஒரே தலைப்பு என்பதால் இதை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிட முடியாது. ஆனால் ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே திசைதான் தெரிந்தது: வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8. 'பிறவி ஆசிரியர்' என்ற பேச்சைக் கேட்கும்போது இந்த எண்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஊதியத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடிப்படை விஷயம் பழையது. ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்னதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்: சம்பளம் போதாவிட்டால் மனம் நோகும், ஆனால் சம்பளம் மட்டுமே மனதை வேலைக்குள் இழுத்துவிடாது. அவருடைய ஆய்வு முறை மீது விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் விரிவுரையாளர்கள் விஷயத்தில் இது பெரிதும் சரியென்றே எனக்குப் படுகிறது. ஒரு நிபந்தனையோடு: வீட்டுச் செலவுக்காக இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஓடி வகுப்பெடுக்க வேண்டிய அளவு சம்பளம் குறைந்தால், அது நேரத்தைத் திருடும் பிரச்சினையாகிவிடுகிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருமா என்றே தெரியாத ஒருவரிடம் அர்ப்பணிப்பு பற்றிப் பேசுவது தப்பு.

பணிப் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவாக இரண்டு கட்சிகள். நிரந்தரமானால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது ஒன்று, நிரந்தரமில்லாமல் தரம் வராது என்பது மற்றொன்று. டேவிட் ஃபிக்லியோ, மார்ட்டன் ஷபீரோ, கெவின் சோட்டர் மூவரும் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தரவுகளை அலசி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நிரந்தரப் பதவிப் பாதையில் இல்லாத விரிவுரையாளர்களிடம் முதல் பருவத்தில் படித்தவர்கள் அடுத்தடுத்த பாடங்களில், அந்தப் பாதையில் இருந்தவர்களிடம் படித்தவர்களை விட ஓரளவு நன்றாகவே செய்தார்கள். முதல் கட்சிக்காரர்கள் இதைத் தூக்கிப் பிடிப்பார்கள். கவனிக்க வேண்டியது, அங்கே அந்த விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் முழுநேரமாக, நீண்ட காலமாக, கற்பித்தலையே வேலையாகக் கொண்டவர்கள். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம் நீளுமா என்று காத்திருக்கும் நிலையில், உட்கார ஒரு மேசைகூட இல்லாமல், வகுப்பு முடிந்ததும் அடுத்த கல்லூரிக்கு ஓடுபவருக்கு இந்த முடிவைப் பொருத்தக் கூடாது.

இனி அளவீடு. இதுவும் பணித்திறனைத் தீர்மானிக்கும் காரணிதான், ஏனென்றால் எதை அளக்கிறோமோ அந்தப் பக்கம்தான் வேலை சாயும். மாணவர்களிடம் படிவம் கொடுத்து ஆசிரியருக்கு மதிப்பெண் போடச் சொல்வது உலகெங்கும் நடக்கிறது. 1973இல் வெளியான ஒரு சோதனையில், மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரை நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, உள்ளீடற்ற ஓர் உரையை மிடுக்காகவும் நகைச்சுவையாகவும் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்கள், கல்வியாளர்கள் போன்ற படித்தவர்கள். நல்ல மதிப்பெண்ணே போட்டார்கள். அது சிறிய சோதனை. பெரிய ஆதாரம் பின்னால் வந்தது. ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் 2010இல் அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தின் தரவை ஆராய்ந்தார்கள். அங்கே மாணவர்களைப் பிரிவுகளுக்குக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதால் ஒப்பீடு நேர்மையானது. அந்தப் பருவத் தேர்வில் மாணவர்களை நன்றாக மதிப்பெண் எடுக்க வைத்த ஆசிரியர்களுக்கு மாணவர் மதிப்பீடும் உயர்ந்தது. ஆனால் அதே மாணவர்கள் அதன் தொடர்ச்சியான அடுத்த பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவமும் தகுதியும் கூடிய ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அப்போது குறைவாக மதிப்பெண் எடுத்தாலும் பின்னால் முன்னேறினார்கள். மாணவர் தரும் மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பதவி உயர்வு கொடுத்தால் எந்த மாதிரி கற்பித்தலை நாம் வளர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பாகுபாடும் உண்டு. லிலியன் மேக்நெல் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழிப் பாடம் ஒன்றில் பயிற்றுநர்களின் பெயரை மாற்றி, ஆண் என்று சிலருக்கும் பெண் என்று சிலருக்கும் தெரியும்படி செய்தார்கள். விடைத்தாள்களை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் திருப்பினார்கள். ஆனாலும் 'உடனுக்குடன் திருப்பித் தருகிறாரா' என்ற கேள்விக்கு, ஆண் என்று நம்பியவர்கள் ஐந்துக்கு 4.35, பெண் என்று நம்பியவர்கள் 3.55 போட்டார்கள். மாணவர் கருத்து வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். 'எந்த இடத்தில் புரியவில்லை, எது உதவியது' என்று பருவத்தின் நடுவில் கேட்டு, அதை ஆசிரியரிடம் மட்டும் கொடுத்தால் அது பொன். பதவி உயர்வுக் கோப்பில் எண்ணாகப் போய் உட்காரும்போதுதான் விஷமாகிறது.

ஆராய்ச்சிப் பக்கமும் இதே கதை. கட்டுரை எண்ணிக்கைக்குப் புள்ளி என்றால் ஒரு நல்ல கட்டுரை மூன்று மெலிந்த கட்டுரைகளாகப் பிளக்கும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகும். இதழின் தாக்கக் குறியீட்டை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாகின்றன என்ற எண்ணை) வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை கேட்டுக்கொண்டது. எத்தனையோ நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. தெரிவுக்குழு அறைக்குள் அது எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பது வேறு கேள்வி.

வீடு, உடல்நலம், சிறு குழந்தை, முதிய பெற்றோர், தினசரிப் பயணம், இவையும் பணித்திறனைத் தொடும். எந்த வேலைக்கும் பொருந்துவதால் நீட்டவில்லை. ஒன்று மட்டும்: விரிவுரையாளரின் வேலை வீட்டுக்குப் பின்தொடர்ந்து வரும் வேலை. அதனால் வீட்டில் பராமரிப்புப் பொறுப்பு அதிகமுள்ளவர்கள், நடைமுறையில் பெரும்பாலும் பெண்கள், இரண்டு பக்கமும் அடிவாங்குகிறார்கள். மாலை ஐந்துக்கு மேல் கூட்டம் வைக்காமலிருப்பது செலவில்லாத உதவி.

இதை ஆய்வுக்காகக் கேட்டிருந்தால் ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பில் வரும் பெரும்பாலான ஆய்வேடுகள் விரிவுரையாளரிடமே ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, 'உங்களுக்கு ஊக்கம் எவ்வளவு' என்றும் கேட்டு, 'நீங்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறீர்கள்' என்றும் அதே தாளில் கேட்டு, இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று முடிக்கின்றன. ஒரே மனிதர் ஒரே மனநிலையில் இரண்டுக்கும் பதில் சொன்னால் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்? பாட்ரிஷியா கிராஸ் 1977இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் கேட்டபோது 94 சதவீதம் பேர் தாங்கள் சராசரிக்கு மேலான ஆசிரியர்கள் என்றார்கள். சுயமதிப்பீட்டை நம்பி ஆய்வை எழுப்பினால் அது நிற்காது.

அதற்குப் பதிலாகக் காரணிகளை ஆவணங்களிலிருந்து எடுங்கள்: ஒவ்வொருவருக்கும் எத்தனை வெவ்வேறு பாடங்கள், அவற்றில் புதியவை எத்தனை, வகுப்பில் எத்தனை மாணவர்கள், எத்தனை கமிட்டிகள், எந்த வகை நியமனம். விளைவை வேறு இடத்திலிருந்து எடுங்கள்: அதே மாணவர்கள் அடுத்த பருவத்தில் தொடர்ச்சிப் பாடத்தில் எப்படிச் செய்தார்கள், சகா ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதிய குறிப்பு என்ன சொல்கிறது, கொடுத்த பணிகளில் விரிவுரையாளர் எழுதித் தந்த கருத்துகளின் தரம் எப்படி. கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் தனித்தனி விளைவுகளாக வையுங்கள், கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். ஒரே துறைக்குள் இருப்பவர்களை ஒப்பிடுங்கள், ஏனென்றால் துறைக்குத் துறை பாடத்தின் தன்மையே மாறும். வாய்ப்பிருந்தால் புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பின்தொடருங்கள். கேள்வியில் சொன்ன அந்த இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பது ஒரே ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பில் தெரியாது. முதலாம் ஆண்டு பாடப் பங்கீட்டிலும் இரண்டாம் ஆண்டு கமிட்டிப் பட்டியலிலும்தான் முதலில் தேடுவேன்.